ஒரே ஒரு டொமைன் கண்ட்ரோலர், அதுவும் 2012 ஆர்2: எங்கிருந்து ஆரம்பிப்பது?

சிப்காட்_நெட்வொர்க்:

வணக்கம். வேலூரில் தலைமை அலுவலகம், ராணிப்பேட்டை சிப்காட்டில் தொழிற்சாலை, ஆம்பூரில் தையல் யூனிட் என்று மூன்று இடத்தில் நடக்கும் தோல் காலணி நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் பொறுப்புக்கு வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் விலகிவிட்டார். எழுதி வைத்த குறிப்பு எதுவும் கைக்கு வரவில்லை.

நிலைமை இதுதான். ராணிப்பேட்டையில் எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கண்ட்ரோலர் (டி.சி.) ஒரே ஒன்றுதான், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்., கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி., ஃபைல் சர்வர், பிரிண்டர் எல்லாமே அந்த ஒரு பெட்டியில்தான். கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் 280 பேர் என்கிறது எச்.ஆர். யூசர், கம்ப்யூட்டர் பட்டியல் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியைத் திறந்தால் 460 அக்கவுண்ட் இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு எங்களுக்கும் தெரியும், வெளியிலிருக்கும் வெண்டருக்கும் தெரியும். போன வாரம் ஆம்பூரில் காலை ஷிஃப்டில் பாதிப் பேருக்கு லாகின் ஆகவில்லை. ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் எந்தப் பிரச்சினையும் இல்லை.

புது சர்வர் வாங்க நிர்வாகம் ஒத்துக்கொண்டுவிட்டது. எந்த வெர்ஷன் வாங்குவது, எந்த வரிசையில் மாற்றுவது, இந்த 460-ஐ என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

காட்பாடி_சர்வர்_ரூம்:

தம்பி, சர்வருக்குக் கொட்டேஷன் கேட்பதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரியே ஒரு சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டைரக்டரியும் சேர்ந்த சர்வர் நிலையின் நகல்) எடுத்து, அந்தப் பெட்டிக்கு வெளியே ஒரு டிஸ்க்கில் வையுங்கள். ஒரே டி.சி. இருக்கும் இடத்தில் அந்த டிஸ்க் படுத்துவிட்டால் யூசர், குரூப், ஃபோல்டர் உரிமை எல்லாம் போச்சு. ஒவ்வொரு கம்ப்யூட்டராக நேரில் போய் மறுபடி டொமைனில் சேர்க்க வேண்டிவரும். மூன்று ஊருக்கும் அலைய வேண்டும்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதை ரீஸ்டோர் செய்ய டி.எஸ்.ஆர்.எம். என்ற மீட்பு முறைக்கான பாஸ்வேர்டு வேண்டும். டி.சி.யை முதன்முதலில் அமைத்தவர் வைத்தது அது, டொமைன் அட்மின் பாஸ்வேர்டோடு சம்பந்தமில்லாதது. இப்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்.டி.டி.எஸ்.யுடில் கமாண்டில் புதிதாக வைத்துவிடலாம். ஆபத்து வந்த பிறகு அதற்கு வழியே இல்லை. இன்னொன்று, பழைய பேக்கப்பை நம்பாதீர்கள். டைரக்டரியில் அழித்த பொருளின் சுவடு வழக்கமாக 180 நாள் இருக்கும். 2003 எஸ்.பி.1-க்கு முன் பிறந்த டொமைனாக இருந்தால் 60 நாள்தான் இருக்கலாம். அந்தக் கெடுவைத் தாண்டிய பேக்கப்பை ஏற்றக் கூடாது.

வெர்ஷன் விஷயம். 2012 ஆர்2-வுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்துவிட்டது, ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் நேராக 2025 வாங்கி அதை டி.சி. ஆக்கப் பார்க்காதீர்கள். சர்வர் 2025 உள்ளே வர டொமைனின் ஃபங்ஷனல் லெவல் (எந்த வெர்ஷனின் வசதிகள்வரை அதில் உண்டு என்பதன் அளவு) குறைந்தது 2016 இருக்க வேண்டும். 2012 ஆர்2 டி.சி. ஒன்று உயிரோடு இருக்கும்வரை அந்த லெவலுக்கு ஏற்ற முடியாது. 2022-க்கு 2008 லெவலே போதும். ஆகவே 2022-ஐ டி.சி. ஆக்குங்கள், பழைய டி.சி.யிடம் இருக்கும் டொமைன் பொறுப்புகளை அதற்கு மாற்றுங்கள், பழையதை முறையாக இறக்குங்கள், லெவலை 2016-க்கு ஏற்றுங்கள். 2025 வேண்டுமானால் அதற்கப்புறம் யோசிக்கலாம்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். உங்கள் டொமைன் 2003 காலத்திலிருந்து மேலே மேலே ஏற்றிக் கொண்டுவந்ததாக இருந்தால், சிஸ்வால் (டி.சி.க்கள் பாலிசியும் ஸ்கிரிப்டும் பகிரும் ஃபோல்டர்) இன்னும் எஃப்.ஆர்.எஸ். என்ற பழைய நகலெடுப்பு முறையில் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் 2019-உம் அதற்குப் பின் வந்தவையும் டி.சி. ஆக மறுத்துவிடும். டி.எஃப்.எஸ்.ஆர்.மிக் கமாண்டில் குளோபல் ஸ்டேட் கேளுங்கள். 'எலிமினேட்டட்' என்று வந்தால் கவலை இல்லை. வராவிட்டால் முதலில் அந்த மாற்றத்தை முடிக்க வேண்டும்.

ஆம்பூர்_ஐடி:

எங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். பாதிப் பேருக்கு என்றால் எந்தப் பாதி? திரையில் என்ன வந்தது? அதைச் சொன்னால்தான் பேச முடியும். லாகின் ஆகாத ஒரு கம்ப்யூட்டரில் ஐ.பி.கான்ஃபிக் போட்டு டி.என்.எஸ். வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சிப்காட்_நெட்வொர்க்:

நேரில் போய்ப் பார்த்தேன் அண்ணா. லாகின் ஆகாதவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டி.என்.எஸ். 8.8.8.8. கேட்வே நம்முடையதல்ல. லைன் சரிசெய்ய வந்தவர் புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதில் டி.எச்.சி.பி. ஆனில் இருந்தது. அணைத்துவிட்டேன், அவை வந்துவிட்டன. இரண்டு மூன்று மெஷினில் மட்டும் 'டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்' தோல்வி என்று வருகிறது.

ஆம்பூர்_ஐடி:

அதுதான். டொமைனில் இருக்கும் கம்ப்யூட்டர் தன் டி.சி.யை டி.என்.எஸ்.ஸில் எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று சொல்லும் எஸ்.ஆர்.வி. பதிவுகளைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. உங்கள் கம்பெனியின் டி.சி. எங்கே இருக்கிறது என்று கூகுள் டி.என்.எஸ்.ஸுக்கு எப்படித் தெரியும்? இன்டர்நெட் ஜோராக ஓடும், லாகின் மட்டும் ஆகாது. அதனால்தான் லைன் போட்டவர் 'எல்லாம் வேலை செய்கிறது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இரண்டாவது டி.என்.எஸ்.ஸாகக்கூட வெளி முகவரி வைக்காதீர்கள். முதலாவது ஒரு நொடி தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். வெளி முகவரிகளை டி.சி.யின் ஃபார்வேர்டரில் (தனக்குத் தெரியாததை அது வெளியே கேட்கும் முகவரிகளின் இடம்) வையுங்கள், அங்கேதான் அவற்றுக்கு இடம்.

டிரஸ்ட் தோல்வி வேறு கதை. யூசருக்கு இருப்பதுபோல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் டைரக்டரியில் ஒரு அக்கவுண்டும் பாஸ்வேர்டும் உண்டு. 30 நாளுக்கு ஒரு முறை அது தானாக மாறும். பழைய இமேஜை எடுத்துப் போட்ட மெஷின், அல்லது ஒரே பெயரில் வந்து சேர்ந்த இரண்டு மெஷின் என்றால் இரு பக்கமும் பொருந்தாது. டொமைனிலிருந்து விலக்கிச் சேர்க்கத் தேவையில்லை. லோக்கல் அட்மினாக உள்ளே போய், பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்-செக்யூர்-சேனல், கூடவே ரிப்பேர் கொடுங்கள்.

அப்புறம் நேரம். டி.சி.யில் டபிள்யூ32டி.எம். போட்டு நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சிப்காட்_நெட்வொர்க்:

'லோக்கல் சிமாஸ் கிளாக்' என்று வருகிறது. என் போனைவிட 4 நிமிடம் பின்னால் ஓடுகிறது.

ஆம்பூர்_ஐடி:

டொமைன் மொத்தமும் அந்த 4 நிமிடப் பிசகோடு சேர்ந்து ஓடுகிறது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. பி.டி.சி. எமுலேட்டர் என்ற பொறுப்பை வைத்திருக்கும் டி.சி. சொல்வதுதான் மற்றவர்களுக்கு நேரம். லாகினைச் சரிபார்த்து டிக்கெட் தரும் கெர்பரோஸ் முறை 5 நிமிடம்வரை வித்தியாசம் பொறுக்கும், அதைத் தாண்டினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் டிக்கெட் தராது. டி.சி.யை நெடுநாள் கண்டுபிடிக்க முடியாமல் இருந்த மெஷின் தன் கடிகாரத்தில் தனியாக ஓடும். மே மாத வெயிலில் கரண்ட் போய்ப் போய் வரும் யூனிட்டில் பழைய மெஷினின் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பி.டி.சி. வைத்திருக்கும் சர்வரை மட்டும் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணையுங்கள். 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவும் என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது அந்த ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்கச் சொல்கிறது. லாகை 180 நாள் வைக்கவும், சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்வது அதே உத்தரவுதான். நேரம் தப்பாக இருக்கும் லாகை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

டைரக்டரியில் ஆம்பூருக்கென்று தனி சைட் (எந்த முகவரிகள் எந்த ஊர் என்ற பதிவு) இருக்கிறதா? இல்லை என்றால் டைரக்டரி சைட்ஸில் மூன்று ஊருக்கும் தனித்தனி சப்நெட்டோடு சைட் உருவாக்குங்கள். ஆம்பூரில் பூட்டிய அறை இல்லாவிட்டால் மாற்ற முடியாத நகல் மட்டும் இருக்கும் ரீட்-ஒன்லி டி.சி. போதும். சைட்டுகளுக்கு நடுவே ரெப்ளிகேஷன் (டி.சி.க்கள் மாற்றங்களைப் பகிர்ந்துகொள்வது) இடைவெளி சொல்லாமல் விட்டால் 180 நிமிடம். 15-ஆகக் குறையுங்கள்.

பாலாறு_லினக்ஸ்:

வேறு கோணம் ஒன்று. சர்வர் லைசென்ஸ் தவிர ஒவ்வொரு யூசருக்கும் அல்லது டிவைஸுக்கும் சி.ஏ.எல். என்ற பயன்பாட்டு லைசென்ஸ் வாங்க வேண்டும். சாம்பா என்ற இலவச மென்பொருளின் 4.0 வந்தது 2012 டிசம்பரில். அன்றிலிருந்து லினக்ஸ் பெட்டியே ஆக்டிவ் டைரக்டரி டி.சி.யாக வேலை செய்கிறது. சின்ன நிறுவனத்துக்கு அது தாராளமாகப் போதும்.

காட்பாடி_சர்வர்_ரூம்:

மதிப்போடு மறுக்கிறேன் சார். சாம்பா நல்ல மென்பொருள், ஒரே இடத்தில் இருக்கும் ஐம்பது பேர் அலுவலகத்துக்கு நானே சொல்வேன். ஆனால் அதில் சிஸ்வால் தானாக ரெப்ளிகேட் ஆகாது. ஆர்சிங்க் மாதிரி ஃபைல் நகலெடுக்கும் கருவியை வைத்து ஏதாவது எழுதி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று ஊரில் டி.சி., குறிப்பே இல்லாத பழைய டொமைன், புதிதாக வந்த ஒரே ஆள். இவருக்கு இப்போது அது வேண்டாம்.

பாலாறு_லினக்ஸ்:

சிஸ்வால் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஃபைல் சர்வரையாவது லினக்ஸுக்கு மாற்றி டொமைனில் மெம்பராகச் சேர்த்துவிடுங்கள். டி.சி.யில் ஃபைல் சர்வரும் பிரிண்டரும் இருக்கவே கூடாது.

தொரப்பாடி_டேட்டா:

நான் ஒரு கல்வி நிறுவனத்தின் டைரக்டரியைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வரைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த 460-தான் பெரிய விஷயமாகப் படுகிறது. சர்வர் மாற்றுவது ஒரு வாரக் கடைசி வேலை. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரியாமல் புது சர்வருக்குப் போனால், குப்பையும் சேர்ந்துதான் குடிபெயரும்.

முதலில் பெயர். நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் சொந்தப் பெயர். குடும்பப் பெயர் கிடையாது. டைரக்டரியோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியில் கடைசிப் பெயரைக் காலியாக விடலாம். ஆனால் ஓப்பன் எல்டாப் என்ற இன்னொரு டைரக்டரி மென்பொருளில் பர்சன் வகைப் பதிவுக்கு அது கட்டாயம், விட்டால் ஏற்காது. அதனால் பதிவு செய்பவர்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்புகிறார்கள். ஒருவர் இனிஷியலைக் கடைசிப் பெயரில் போடுவார், ஒருவர் அப்பாவின் முழுப் பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி ஒன்றைப் போட்டுத் தள்ளிவிடுவார். வருடம் போனால் ஒரே எஸ். குமார் மூன்று பேராக இருப்பார், மூன்று எஸ். குமார் ஒரே அக்கவுண்ட்டில் இருப்பார்கள். எங்களிடம் முத்து என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒரு டி-யோடும், டி-எச் சேர்த்தும், இரண்டு டி-யோடும் இருந்தது. ஆதாரில் ஒன்று, சர்டிபிகேட்டில் ஒன்று, சம்பளப் பட்டியலில் இன்னொன்று. ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுப் பெயர்களுக்கு இது இன்னும் அதிகம்.

அதனால் லாகின் பெயரை மனிதப் பெயரிலிருந்து எடுக்காதீர்கள், ஊழியர் எண்ணிலிருந்து எடுங்கள். பழைய பாணி லாகின் பெயருக்கு 20 எழுத்துதான் எல்லை. ஒரே ஓ.யூ.வில் (டைரக்டரிக்குள் இருக்கும் ஃபோல்டர் மாதிரிப் பிரிவு) ஒரே சி.என். (பதிவின் பெயர்) இரண்டு இருக்க முடியாது. கல்யாணமாகி இனிஷியல் மாறும் பெண்களுக்கு லாகின், மெயில், ஃபோல்டர் எல்லாவற்றிலும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும். ஊழியர் எண் என்றால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. டிஸ்ப்ளே நேம் மட்டும் அவர் எப்படிக் கூப்பிடப்படுகிறாரோ அப்படி வையுங்கள். அதைத் தமிழிலேயே வைக்கலாம், டைரக்டரி யூனிகோடை ஏற்கும்.

சிப்காட்_நெட்வொர்க்:

இது எனக்குத் தோன்றவே இல்லை மேடம், நன்றி. எச்.ஆர். பட்டியலோடு பெயரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், பாதிகூடப் பொருந்தவில்லை. ஊழியர் எண் டைரக்டரியில் யாருக்கும் இல்லை. கடைசியாக எப்போது லாகின் ஆனார்கள் என்று பார்த்து, 90 நாள் ஆனவர்களை அழித்துவிடலாமா?

தொரப்பாடி_டேட்டா:

அழிக்காதீர்கள் தம்பி. லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப் 14 நாள்வரை பின்தங்கி இருக்கும், அதை நாள் கணக்குக்குத் துல்லியமாக எடுக்க முடியாது. அது பரவாயில்லை. பிரசவ விடுப்பை நினைத்துப் பாருங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு அது 26 வாரம், அதாவது 182 நாள். 90 நாளில் டிஸேபிள், 180 நாளில் டிலீட் என்று ஸ்கிரிப்ட் எழுதி வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் வேலைக்குத் திரும்பி வரும்போது இரண்டு நாள் முன்பே அவருடைய அக்கவுண்ட் அழிந்திருக்கும். அதே பெயரில் புதிதாக உருவாக்கிக் கொடுத்தாலும் உரிமைகள் ஒட்டியிருக்கும் அடையாள எண்ணான எஸ்.ஐ.டி. வேறு. பழைய ஃபோல்டர் எதுவும் அவருக்குத் திறக்காது. தைக்கும் யூனிட்டில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சூப்பர்வைசராகவும் குவாலிட்டியிலும் கம்ப்யூட்டரைத் தொடுபவர்களில் அவர்கள் கணிசம்.

யார் விலகினார், யார் விடுப்பில் இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியது எச்.ஆர்., லாகின் தேதி அல்ல. விலகுபவருக்கு நோ டியூ படிவம் இருக்குமே, அதில் ஐ.டி. கையெழுத்துக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் கணக்கு முடிக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்குங்கள்.

குடியாத்தம்_ஆடிட்:

ஆடிட் பார்ப்பவனாக ஒன்று சொல்கிறேன். விலகியவர் அக்கவுண்ட்டை ஏன் வைத்திருக்க வேண்டும்? அன்றைக்கே அழிப்பதுதான் பாதுகாப்பு. வெளிநாட்டு வாங்குபவர்கள் அனுப்பும் கேள்விப் பட்டியலிலும் இது வரும்.

தொரப்பாடி_டேட்டா:

அன்றைக்கே டிஸேபிள் செய்யட்டும் சார், அதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதம் கூடாது. குரூப்களிலிருந்து எடுத்து, 'விலகியவர்கள்' என்ற ஓ.யூ.வுக்கு மாற்றி, விளக்கக் கட்டத்தில் தேதி எழுதி வைக்கட்டும். அழித்துவிட்டால் பழைய ஃபோல்டரில் யாருக்கு உரிமை இருந்தது என்று பார்க்கும்போது பெயர் வராது, நீளமான எண்தான் வரும். உங்கள் ஆடிட்டுக்கே அது இடைஞ்சல்.

குடியாத்தம்_ஆடிட்:

டிஸேபிள் அதே நாளில் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அழித்த அக்கவுண்ட்டை மீட்க உதவும் டைரக்டரியின் ரீசைக்கிள் பின்னை ஆன் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2008 ஆர்2-விலிருந்து இருக்கிறது, பல இடங்களில் யாரும் ஆன் செய்வதே இல்லை. ஒருமுறை ஆன் செய்தால் அணைக்க முடியாது, அணைக்க வேண்டிய காரணமும் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு கேள்வி. 'கட்டிங்1', 'ஷிஃப்ட்பி' மாதிரிப் பொது அக்கவுண்ட் எத்தனை?

சிப்காட்_நெட்வொர்க்:

முப்பது சொச்சம் இருக்கிறது சார். ஃப்ளோரில் ஒரு மெஷினை ஆறேழு பேர் பயன்படுத்துகிறார்கள். கையில் பசையும் சாயமுமாக வந்து ஒவ்வொருவரும் லாகின் லாகவுட் செய்தால் உற்பத்தி நிற்கும் என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆம்பூர்_ஐடி:

நியாயம்தான். விண்டோஸுக்குப் பொது அக்கவுண்ட் இருக்கட்டும், அதை அந்த ஒரு மெஷினில் மட்டும் லாகின் ஆகும்படி கட்டுங்கள். ஷேர் ஃபோல்டர், மெயில், இன்டர்நெட் எதுவும் வேண்டாம். உற்பத்திக் கணக்கு ஓடும் இ.ஆர்.பி. மென்பொருளில் பதிவு போடும்போது மட்டும் ஆளுக்கு ஒரு எண் கேட்கட்டும். எந்த ஜோடியை யார் பாஸ் செய்தார் என்பதுதான் முக்கியம், விண்டோஸை யார் திறந்தார் என்பதல்ல.

குடியாத்தம்_ஆடிட்:

பொது அக்கவுண்ட்டை நான் மனதார ஏற்க மாட்டேன். இந்தக் கட்டுப்பாடுகளை எழுத்தில் வைத்து, பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஆடிட்டில் பதில் சொல்ல முடியும், அவ்வளவுதான்.

காட்பாடி_சர்வர்_ரூம்:

ஓ.யூ. பேச்சு வந்ததால் கேட்கிறேன், உங்கள் ஓ.யூ. எப்படி அமைந்திருக்கிறது?

சிப்காட்_நெட்வொர்க்:

மேலே 'வேலூர் மாவட்டம்', அதற்குள் ஊர், அதற்குள் டிபார்ட்மென்ட்.

காட்பாடி_சர்வர்_ரூம்:

2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டை தனி, ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. 1989-இல் வட ஆற்காடே இரண்டானது. அரசாங்கம் மாற்றும் பெயரை ஓ.யூ.வில் வைத்தால் எல்டாப் பாதையை (டைரக்டரியில் ஒரு பதிவின் முழு முகவரி) எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் தேடித் திருத்த வேண்டிவரும். டிபார்ட்மென்ட்டும் அப்படித்தான், வருடத்துக்கு ஒருமுறை கலைத்துச் சேர்ப்பார்கள். ஓ.யூ. எதற்கு? செட்டிங்குகளை ஒரே இடத்திலிருந்து வைக்கும் குரூப் பாலிசியைப் பொருத்தவும், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கவும். அலுவலகக் கம்ப்யூட்டர், ஃப்ளோர் மெஷின், சர்வர், ஊழியர், அட்மின், விலகியவர் என்று பிரித்தால் போதும். மாவட்டம், டிபார்ட்மென்ட் எல்லாம் யூசரின் விவரக் கட்டங்களில் இருக்கட்டும். ஃபோல்டர் உரிமைக்கு குரூப்.

வெண்டர் விஷயத்தை மறக்காதீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றாதீர்கள். அந்தப் பெயரில் எந்தெந்த சர்வீஸ், ஷெட்யூல் வேலை, ஸ்கேனர் ஓடுகிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள். பேக்கப் மென்பொருளும் ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பும் பிரிண்டரும் அநேகமாக அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி சர்வீஸ் அக்கவுண்ட் கொடுத்த பிறகு மாற்றுங்கள். மாற்றிய பின் செக்யூரிட்டி லாகில் 4740 (அக்கவுண்ட் லாக் ஆனது), 4771 (கெர்பரோஸ் சரிபார்ப்புத் தோல்வி) எண்களைப் பாருங்கள், விட்டுப்போனது எது என்று அங்கே தெரியும். வெண்டருக்குத் தேவையான உரிமையோடு அவர் பெயரிலேயே அக்கவுண்ட், வேலை இல்லாத நாளில் டிஸேபிள். கெர்பரோஸ் டிக்கெட்டுகளுக்கு அடிப்படையான கே.ஆர்.பி.டி.ஜி.டி. அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டையும் இரண்டு முறை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே 10 மணி நேரத்துக்கு மேல் விடுங்கள், டிக்கெட்டின் ஆயுள் அது. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு மூன்று ஊரிலும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி பாஸ்வேர்டு வைக்கும் லாப்ஸ் போடுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து விண்டோஸிலேயே வருகிறது.

சிப்காட்_நெட்வொர்க்:

எல்லாருக்கும் நன்றி. பேக்கப் எடுத்துவிட்டேன், டி.எஸ்.ஆர்.எம். பாஸ்வேர்டு புதிதாக வைத்துக் கவரில் போட்டு ஃபைனான்ஸ் லாக்கரில் கொடுத்தாயிற்று. சிஸ்வால் 'எலிமினேட்டட்' என்று வந்தது. எச்.ஆர். மேடத்தோடு உட்கார்ந்து ஊழியர் எண்ணை ஏற்றும் வேலை நடக்கிறது. விடுப்பில் இருப்பவர்கள் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்கிவிட்டேன். 2022 சர்வர் இரண்டுக்கு ஆர்டர் போகிறது, ஒன்று ராணிப்பேட்டை, ஒன்று வேலூர்.

கடைசியாக ஒன்று. பழைய டி.சி.யை இறக்கிய பிறகு அதன் ஐ.பி. முகவரியை என்ன செய்வது? பயோமெட்ரிக் மெஷின், சி.சி.டி.வி., சில பிரிண்டர் எல்லாவற்றிலும் டி.என்.எஸ். இடத்தில் அதைத்தான் கையால் அடித்திருக்கிறார்கள்.

காட்பாடி_சர்வர்_ரூம்:

பொறுப்புகளை மாற்றி, பழையதை டிமோட் செய்து, டி.என்.எஸ்.ஸில் அதன் பதிவுகள் போய்விட்டனவா என்று பார்த்த பிறகு, அந்த ஐ.பி.யை ராணிப்பேட்டைப் புது டி.சி.க்குக் கொடுத்துவிடுங்கள். மாற்றியதும் நெட்லாகான் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, சோதனைக் கருவிகளான டி.சி.டயாக்கையும் ரெப்அட்மினையும் ஓட்டிப் பாருங்கள். பயோமெட்ரிக் மெஷின்களின் நேரத்தையும் அன்றைக்கே டி.சி.யோடு சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த 4 நிமிடம் சம்பளத் தகராறாக வந்து நிற்கும்.